டயாலிசிஸ் நாளைத் தவற விடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, 2019-லிருந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மையம் எங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். 2020 ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, வாடகைக் காரும் கிடைக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் டயாலிசிஸ் தவறிப்போய், ஒருநாள் இரவு மூச்சு வாங்கி, படுக்கக்கூட முடியாமல் 108-ல் ஏற்றிப் போனோம். பிழைத்ததே பெரிய விஷயம். அதிலிருந்து டி.வி.யில் புதிய வைரஸ் என்று செய்தி வந்தாலே எனக்குக் கைகால் உதறுகிறது. மறுபடி அப்படி ஒன்று வந்தால் மையத்துக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா? உறவினர்கள் கபசுரக் குடிநீரும் வைட்டமின் மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறார்கள். தடுப்பூசி போட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும் என்று கொழுந்தனார் தடுக்கிறார். என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க நான் தயார். ஆனால் மாற்று அறுவை செய்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், கொள்ளைநோய்க் காலத்தில் அது தேவையா என்று பயமுறுத்துகிறார்கள். வழி சொல்லுங்கள். – ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சிறுநீரக மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போக வேண்டும். வெளியே எந்த வைரஸ் பரவினாலும், ஊரே அடைத்துக் கிடந்தாலும், உங்கள் கணவர் டயாலிசிஸுக்குப் போயே ஆக வேண்டும். "வீட்டிலேயே இருங்கள்" என்று அரசாங்கம் சொல்லும்போது அது அவருக்குச் சொன்னதல்ல. நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் நான் சொல்லப்போகும் பதில் இதை ஒட்டித்தான் இருக்கும்.

நல்ல சிறுநீரகம் வாரத்தில் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் கிடைப்பது 8 மணி நேரம். பல நாடுகளில் வாரம் மூன்று முறை செய்கிறார்கள். நம் நாட்டில் செலவும் தூரமும் சேர்ந்து அதை இரண்டாகக் குறைத்து வைத்திருக்கின்றன. ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கிற சிகிச்சை அது. அதிலும் ஒன்று தவறினால் உடம்பில் தேங்கும் தண்ணீர் நுரையீரலில் இறங்குகிறது. அன்று இரவு அவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுதான். தண்ணீராவது மூச்சிரைப்பாகவும் கால் வீக்கமாகவும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் பொட்டாசியம் என்ற தாது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே ஏறும். அளவு கடந்து ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி, சில நிமிடங்களில் நின்றுபோகலாம்.

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் பஸ் இல்லை, ரயில் இல்லை. டயாலிசிஸ் நோயாளி எப்படி மையத்துக்கு வருவார் என்று அந்த அறிவிப்புக்கு முன்பு யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு இந்தியாவின் 19 மருத்துவமனைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். டயாலிசிஸில் இருந்த சுமார் 2,500 பேரில் 28 சதவீதம் பேர் ஒரு முறையாவது சிகிச்சையைத் தவறவிட்டிருந்தார்கள். 69 பேருக்கு அவசர டயாலிசிஸ் தேவைப்பட்டது. நூற்றுச் சொச்சம் பேர் அந்த மருத்துவமனைகளுக்குத் திரும்ப வரவே இல்லை. அவர்களில் எத்தனை பேர் வேறு மையத்துக்குப் போனார்கள், எத்தனை பேர் வீட்டிலேயே முடிந்துபோனார்கள் என்ற எண்ணம் எனக்கு இப்போதும் வருவதுண்டு. சில மருத்துவமனைகள் கொரோனா இல்லை என்ற ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் படுக்கை தருவோம் என்றன. டயாலிசிஸ் போன்ற சிகிச்சைகளை மறுக்கக் கூடாது என்று அந்த ஏப்ரலில் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது. எனவே அன்று நடந்ததற்கு நீங்கள் காரணமில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிந்தது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அதே நேரம், வைரஸ் பற்றிய பயம் வெறும் பயம் என்றும் சொல்ல மாட்டேன். தடுப்பூசி வருவதற்கு முன், ஐரோப்பிய சிறுநீரகப் பதிவேட்டில் கொரோனா தொற்றிய டயாலிசிஸ் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் 28 நாட்களுக்குள் இறந்தார். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைவு. பெரும்பாலும் சர்க்கரையும் இதய நோயும் கூடவே இருக்கும். அதோடு, நாலைந்து பேர், சில இடங்களில் பத்துப் பேர், ஒரே அறையில் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வூஹானில் ஒரு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் 2020 தொடக்கத்தில் 230 நோயாளிகளில் 37 பேருக்குத் தொற்று பரவியது.

ஆகவே போகவும் வேண்டும், போகிற வழியையும் காக்க வேண்டும். தொற்றுக் காலம் வந்தால் வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் வரை அவர் என்-95 முகக்கவசம் போட்டிருக்கட்டும். துணி மாஸ்க் போதாது. காரிலோ ஆட்டோவிலோ போனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஏசி வேண்டாம். இன்னொரு நோயாளியோடு வண்டியைப் பங்கிட்டுக்கொள்வது செலவைக் குறைக்கும். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இருவருமே மாஸ்க்கோடு இருக்க வேண்டும். மையத்து வாசலில் கூட்டமாகக் காத்திருக்காமல், உங்கள் முறை வரும்போது போன் செய்து கூப்பிடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊர் மையங்களில் மிஷினில் படுத்தபடியே இட்லி, சப்பாத்தி சாப்பிடுவது பழக்கம். பக்கத்துப் படுக்கைக்காரரும் அதே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தொற்றுப் பரவும் மாதங்களில் அதை நிறுத்திவிட்டு, முன்பே சாப்பிட்டுப் போவது நல்லது. உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருப்பதால், இன்சுலின் அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சர்க்கரை இறங்கினால் கொடுக்க இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட் பையில் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள். 2020-ல் பலர் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு வந்து படுத்தார்கள். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனாலும் நேரே போய் நிற்காமல், கிளம்பும் முன் மையத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள். தனி அறையிலோ அன்றைய கடைசி ஷிஃப்டிலோ போடச் சொல்லிக் கேளுங்கள். தொற்று இருப்பவருக்கும் டயாலிசிஸ் செய்துதான் ஆக வேண்டும். எப்படிச் செய்வது என்பதற்குச் சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறி 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. உங்கள் மையத்தில் முடியாது என்றால் எங்கே முடியும் என்று சொல்லி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

காய்ச்சலைப் பற்றி இன்னொன்று. கழுத்தில் குழாய் போட்டிருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதுவும் மிஷின் ஓடத் தொடங்கியபின் நடுக்கம் வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது குழாய் வழியாக ரத்தத்தில் இறங்கிய கிருமியைத்தான். கொள்ளைநோய்க் காலத்தில் எல்லாக் காய்ச்சலும் கொரோனாவாகவே தெரியும். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்து, ரிப்போர்ட் வரட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தால், குழாய்த் தொற்று ஆளைச் சாய்த்துவிடும். உங்கள் கணவருக்குக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்தது) இருக்கிறதா, கழுத்தில் குழாயா என்று நீங்கள் எழுதவில்லை. குழாய் என்றால், காய்ச்சல் வரும்போது ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தீர்களா என்று மையத்தில் கேளுங்கள். இன்னும் ஃபிஸ்டுலா செய்யவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள். 2020-ல் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளையெல்லாம் தள்ளிப்போட்டபோது பல இடங்களில் ஃபிஸ்டுலாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது தவறு. ஃபிஸ்டுலா தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் கழுத்துக் குழாயோடு கழிகிற மாதம்.

சரி, இப்போது எதுவும் பரவாத நேரத்தில் நீங்கள் செய்து வைக்க வேண்டியதைச் சொல்கிறேன். மையத்தில் கேட்டு ஒரே தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: அவருடைய ட்ரை வெயிட் (தேங்கிய நீரெல்லாம் வடிந்தபின் இருக்க வேண்டிய எடை), எந்தக் கையில் ஃபிஸ்டுலா, எந்த டயாலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்), ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் எவ்வளவு, ரத்த வகை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், போடும் ஊசிகள், அப்புறம் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு தேதியோடு. இந்தக் கடைசி விவரம்தான் அதிமுக்கியம். மஞ்சள் காமாலை வைரஸ் இருப்பவர்களுக்குத் தனி மிஷின் வைத்திருப்பார்கள். அதனால் வைரல் மார்க்கர் ரிப்போர்ட் இல்லாமல் புதிய மையம் எதுவும் சுலபத்தில் சேர்த்துக்கொள்ளாது. அந்தத் தாளைப் போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு எங்கெல்லாம் டயாலிசிஸ் இருக்கிறது என்று விசாரியுங்கள். 40 கிலோமீட்டர் தள்ளி ஒரே மையத்தை நம்பியிருப்பதுதான் அன்று உங்களைச் சிக்கவைத்தது. தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இலவசமாக டயாலிசிஸ் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் செய்துகொள்ளலாம். 104-க்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். தெரிந்த ஒரு வண்டிக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். மருத்துவரிடம் "வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் அவசியம்" என்று லெட்டர்பேடில் எழுதி, முத்திரையோடு ஒரு சான்று வாங்குங்கள். செக்போஸ்ட்டில் நிறுத்தினால் காட்ட அது உதவும்.

இவ்வளவு முன்னேற்பாடு எதற்கு என்று தோன்றலாம். கொள்ளைநோய் வந்தால் டயாலிசிஸ் மிஷினுக்குப் போட்டி கூடிவிடும். நியூயார்க் பகுதியில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் 2020-ல் கொரோனாவோடு அனுமதிக்கப்பட்ட 5,449 பேரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதற்கு முன்பு சிறுநீரக நோயே இல்லாதவர்களும் அதில் உண்டு. அந்த ஏப்ரலில் அங்கே மிஷினுக்கும் நர்சுக்கும் டயாலிசிஸ் திரவத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. பணக்கார நகரத்திலேயே அப்படி என்றால், நம் மாவட்டத்தில் இடம் முன்கூட்டியே பேசி வைத்தவருக்குத்தான் கிடைக்கும்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் தவறிப்போகலாம். புயல், வெள்ளம், ஊரடங்கு, எதுவும் நடக்கும். அப்போது வீட்டில் சமையலறைதான் அவரைக் காப்பாற்ற வேண்டும். அடுத்த டயாலிசிஸ் கிடைக்கும்வரை தண்ணீர், காபி, மோர், குழம்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு அரை லிட்டர்தான். உப்பைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் அரை லிட்டரில் அவர் நிற்க மாட்டார். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி, தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு, தேங்காய், பருப்பு, நட்ஸ், ரசம், காய்கறி சூப் எல்லாமே நிறுத்தம். காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். வெள்ளைச் சோறு, இட்லி, ரவை, சேமியா, ஆப்பிள் போன்றவை பரவாயில்லை. "லோ சோடியம்" என்று விற்கும் உப்பை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று அன்போடு யாராவது வாங்கி வருவார்கள். அவருக்கு அது விஷம். இந்துப்பும் உப்புதான், அதனால் தனி நன்மை ஒன்றும் இல்லை.

பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் பவுடர் பாக்கெட் ஒன்று உண்டு. அதை எழுதி வாங்கி சில பாக்கெட் வீட்டில் இருப்பு வையுங்கள். எப்போது, எத்தனை முறை என்று மருத்துவரே தாளில் எழுதித் தரட்டும். காலையில் எழுந்ததும் எடை பாருங்கள். ட்ரை வெயிட் 60 கிலோ என்றால், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் தொய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே 108. எந்த மருத்துவமனையானாலும் உள்ளே நுழைந்ததும் "டயாலிசிஸ் நோயாளி, இத்தனை நாளாகச் செய்யவில்லை, இ.சி.ஜி. எடுங்கள்" என்று சொல்லுங்கள். டயாலிசிஸ் வசதி இல்லாத மருத்துவமனையிலும் ஊசி மருந்துகளால் பொட்டாசியத்தைச் சில மணி நேரம் கட்டுப்படுத்தி, வேறு இடத்துக்கு அனுப்ப முடியும்.

கபசுரக் குடிநீருக்கு வருகிறேன். 2020-ல் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள், அதனால் உங்கள் உறவினர்கள் சொல்வதில் ஆச்சரியமில்லை. சித்த மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் சிறுநீரகம் ஓடாத உடம்பில் பதினைந்து மூலிகைக் கஷாயம் போனால் எது தங்கும், எது வெளியேறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பொட்டாசியம் சேரும், திரவ அளவும் கூடும். அதில் சேரும் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று சொல்லப்படும் இப்படிப்பட்ட மூலிகைகள் சிறுநீரக மாற்று செய்தவருக்கும் ஆபத்தாகலாம், ஏனென்றால் தூண்டப்பட்ட எதிர்ப்புச் சக்தி அந்தப் புதிய சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். வேண்டாம்.

வைட்டமின் சி மாத்திரையும் வேண்டாம். கடையில் கிடைப்பது 500 மில்லிகிராம். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தேவையில்லை. மிஞ்சியது ஆக்சலேட்டாக மாறித் திசுக்களில் படியும். சிறுநீரகம் பாதி கெட்டவர்களுக்கு மீதியையும் அதுவே கெடுத்துவிடலாம். கொரோனாக் காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய இன்னொரு அறிவுரை, சுடுதண்ணீர் நிறையக் குடி, எலுமிச்சைச் சாறு குடி, பழச்சாறு குடி என்பது. மற்றவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லாமல் இருக்கலாம். உங்கள் கணவருக்கு அது ஒவ்வொரு டம்ளரும் நுரையீரலுக்குப் போகும் தண்ணீர். தொண்டை வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பட்டும்.

டயாலிசிஸுக்கு இன்னும் வராத, சிறுநீரகம் ஓரளவு ஓடுகிற வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. காய்ச்சல், உடம்புவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் "செட் மாத்திரை" வாங்காதீர்கள். அதில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை இருக்கும், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை அது இரண்டே நாளில் சாய்க்கலாம். பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கும் என்று 2020-ல் ஒரு வதந்தி ஓடியது. பலர் தாங்களாகவே நிறுத்தினார்கள். அந்த வதந்தி பிறகு நடந்த ஆய்வுகளில் பொய்யாகிவிட்டது. ஆனால் வாந்தியோ பேதியோ வந்து உடம்பில் நீர் வற்றும்போது இந்த மாத்திரைகளையும் மெட்ஃபார்மினையும் நீர் மாத்திரையையும் சில நாள் நிறுத்த வேண்டி வரலாம். எதை எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் கொழுந்தனாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், டயாலிசிஸில் இருப்பவருக்குத் தடுப்பூசி கெடுப்பதற்கு அங்கே சிறுநீரக வேலை பெரிதாக மிச்சம் இல்லை. காப்பாற்ற உயிர் இருக்கிறது. 2021 மார்ச் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட இணைநோயாளிகளுக்கு இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியபோது, அந்த இணைநோய்ப் பட்டியலிலேயே டயாலிசிஸ் நோயாளிகளும் சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர்களும் இருந்தார்கள். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலுமே உடம்பில் பெருகக்கூடிய உயிருள்ள கிருமி இல்லை. ஒன்று உண்மை: டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தடுப்பூசி மற்றவர்களுக்கு வேலை செய்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை. அது போடாமலிருக்கக் காரணமல்ல, கூடுதல் டோஸ் போடக் காரணம். வீட்டில் இருக்கிற எல்லோரும் போட்டுக்கொள்ளவும் அதுவே காரணம். கொழுந்தனாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கொரோனாத் தடுப்பூசி மட்டும் போதாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டை அளவில், நான்கு முறை போட வேண்டும். போட்டபின் எதிர்ப்புப்பொருள் வந்ததா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். இன்ஃப்ளூயன்சா ஊசி ஆண்டுதோறும், நிமோனியா ஊசியும் உண்டு. அடுத்த கொள்ளைநோய் ஃப்ளூ வகையாக வரலாம், 2009-ல் அப்படித்தான் வந்தது.

வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 40 கிலோமீட்டர் என்று படித்ததுமே எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாகப் பையிலிருக்கும் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து எடுப்பது. நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை, நீங்களே வீட்டில் செய்யலாம். மிஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பயணம் வேண்டாம். கொரோனாக் காலத்தில் வீட்டில் டயாலிசிஸ் செய்தவர்களுக்கு, மையத்துக்குப் போனவர்களைவிடத் தொற்று குறைவாக இருந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை நோயாளிகளின் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. கை சுத்தம் தவறினால் வயிற்றில் கிருமி இறங்கிக் கடுமையான வலி வரும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரை ஏறும். பைகளை அடுக்கச் சுத்தமான இடம் வேண்டும். வயிற்றில் முன்பு பெரிய அறுவை நடந்திருந்தால் சிரமம். இத்தனையும் பார்த்து, உங்கள் மருத்துவரிடம் "இவருக்கு ஒத்துவருமா?" என்று நேராகக் கேளுங்கள். பல மருத்துவர்கள் தாங்களாக இதை எடுத்துச் சொல்வதில்லை, நோயாளிகளும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

இனி மாற்று அறுவை. உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி சரி. புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைக்கிறோம். முதல் மூன்று மாதம் அந்த அடக்குமுறை உச்சத்தில் இருக்கும். அந்த மருந்துகள் தடுப்பூசியின் பலனையும் குறைக்கும். அமெரிக்காவில் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைப் பார்த்ததில், இரண்டு டோஸுக்குப் பிறகும் பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் எதிர்ப்புப்பொருள் வந்திருந்தது. கொரோனாவுக்கு வந்த ஒரு மாத்திரை, மாற்று நோயாளிகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் நச்சு அளவுக்கு ஏற்றிவிடும். அதனால் அறுவைக்குப் பிறகு சாதாரணச் சளிக்குக்கூட அறுவை செய்த குழுவைக் கேட்காமல் எதுவும் விழுங்கக் கூடாது.

மீதிப் பாதியை அவர்கள் பார்க்கவில்லை. மாற்று சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டால், வாரம் இரண்டு முறை 40 கிலோமீட்டர் போய் நான்கு மணி நேரம் பலரோடு ஒரே அறையில் படுக்க வேண்டியதில்லை. அடுத்த ஊரடங்கில் அவர் நிஜமாகவே வீட்டில் இருக்கலாம். மாத்திரை இருப்பு இருந்தால் போதும். உடல்நிலை இடம் கொடுக்கிறவர்களுக்கு டயாலிசிஸில் தொடர்வதைவிட மாற்று சிறுநீரகம் அதிக ஆயுளைத் தருகிறது. அது கொள்ளைநோய் இல்லாத வருடங்களையும் சேர்த்த கணக்கு. ஏழு வருடத்துக்கு ஒருமுறை வரலாம், நூறு வருடத்துக்கு ஒருமுறை வரலாம் என்கிற ஒன்றுக்குப் பயந்து, ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டிருக்கிற ஆபத்தில் அவரை விட்டுவைக்க வேண்டாம். அறுவை குறித்த வாரத்தில் ஊரில் தொற்று உச்சத்தில் இருந்தால் மருத்துவக் குழுவே சில வாரம் தள்ளிவைக்கும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் நாடு முழுக்க உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரக மாற்று கிட்டத்தட்ட நின்றுபோய், பிறகு கொடுப்பவர், பெறுபவர் இருவருக்கும் பரிசோதனை செய்து மெல்ல மெல்லத் தொடங்கியது. சில வாரத் தள்ளிவைப்பு வேறு, வேண்டவே வேண்டாம் என்று விடுவது வேறு.

தடுப்பூசிகளை அறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்போதுதான் உடம்பு நன்றாகப் பதில் சொல்லும். அம்மை போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி தேவைப்பட்டால் குறைந்தது நான்கு வாரம் முன்பே போட வேண்டும். அறுவைக்குப் பிறகு அவற்றைப் போட முடியாது.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். கொடுக்கத் தயார் என்கிறீர்கள், ஆனால் உங்களால் கொடுக்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ரத்த வகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், சிறுநீரக ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். கொடுப்பது உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் எந்த நல்ல மருத்துவரும் உங்கள் சிறுநீரகத்தை எடுக்க மாட்டார். உங்கள் பிறந்த வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சட்டப்படி மனைவி நெருங்கிய உறவு, எனவே அனுமதி கிடைப்பதில் சிக்கல் குறைவு. திருமணப் பதிவுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் பெயரும் வயதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இதில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட மாதக்கணக்கில் இழுக்கும். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே விசாரியுங்கள். உங்கள் பரிசோதனை முடிவுகள் வந்தபின் மறுபடி எழுதுங்கள், அவருடைய இதயப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள். சர்க்கரை நோயாளி என்பதால் அறுவைக்கு முன் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.